உருளைக்கிழங்கு நோய்க்குப் பெயர் வைத்த படை மருத்துவர்: கமீல் மோன்டாஞ்

கேள்வி இதுதான்: "தோட்டக்கலைப் பாடத்தில் உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய்க் கிருமியை 'ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் (மோன்ட்.) டி பாரி' என்று போட்டிருக்கிறார்கள். டி பாரி யார் என்று தெரிகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் மோன்ட். யார்? வேறு எந்தெந்தப் பூஞ்சைகளுக்கும் லைக்கன்களுக்கும் அவர் பெயர் வைத்தார்? நீலகிரியோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?"

அந்த மோன்ட்., ழான் பியர் பிரான்சுவா கமீல் மோன்டாஞ் என்ற பிரெஞ்சுக்காரர். 1784 பிப்ரவரி 15-இல் பாரிசை அடுத்த சேன்-எ-மார்ன் பகுதியில் பிறந்து, 1866 ஜனவரி 5-இல் பாரிசில் இறந்தவர். சோறு போட்டது படை மருத்துவர் வேலை. பேர் வாங்கிக் கொடுத்தது பூக்காத தாவரங்கள். நீலகிரித் தொடர்பு உண்மைதான். ஆனால் அவர் நீலகிரிக்கு வரவில்லை; நீலகிரிதான் காகிதப் பொட்டலங்களில் அவர் மேசைக்குப் போனது.

பெயர்களுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோன்டாஞ் பெயரிட்ட பட்டியலை இன்றைய கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பூஞ்சை என்று அவர் பெயரிட்டதில் உலகப் புகழ் பெற்றது பூஞ்சையே இல்லை என்று ஆகிவிட்டது. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டிப் படரும் லைக்கன்களைத் தனி இனமாக வைத்தார்; அவை அத்தனையும் இன்று பூஞ்சைக் கணக்கில் வரவாகிவிட்டன. இலையில் முளைப்பவை என்ற வரிசையில் வைத்தவற்றில் ஒன்று, இலையைத் தொடாமல் அதன்மேல் ஒட்டியிருக்கும் பூச்சியைத் தின்கிறது. அவர் எதை எங்கே வைத்தாரோ, பாதிக்கு மேல் இடம் மாறிவிட்டது. வைத்த பெயர்கள் மட்டும் நிற்கின்றன. காரணம், கண்ணால் பார்த்ததை அவர் சரியாக எழுதி, மாதிரியையும் பத்திரப்படுத்தியதுதான். அது என்ன என்ற முடிவைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை தடவை மாற்றினாலும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வரவில்லை.

ஆள் எப்படிப்பட்டவர்? பதினான்கு வயதில் கடற்படையில் சேர்ந்து, நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு கப்பல் ஏறியவர். 1802-இல் பிரான்சுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். பிறகு படை மருத்துவராகப் பல ஆண்டுகள். 1832-இல், 48 வயதில், ஓய்வு. தாவரவியலில் அவர் பெயர் நிற்கக் காரணமான வேலை எல்லாம் அதற்குப் பின்னால் செய்ததுதான். 1853-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக எடுத்தபோது வயது 69. தான் பெயரிட்டவற்றை எல்லாம் திரட்டி 'சில்லோகே' என்ற தொகுப்பாக 1856-இல் போட்டபோது 72. ஓய்வூதியத்தில் அமர்ந்து இவ்வளவு வேலை பார்த்த மனிதரை நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் மாஸ், பாசி, லைக்கன், பூஞ்சை எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் போட்டு 'கிரிப்டோகேம்' என்பார்கள். பூவும் விதையும் கண்ணுக்குப் படாதவை என்று பொருள். பூச்செடிகளைப் பார்க்க ஐரோப்பாவில் ஆள் ஏராளம். இவற்றைப் பார்க்கத்தான் ஆள் குறைவு. ஆகவே உலகத்தின் எந்த மூலையில் இருந்து பிரெஞ்சுக் கப்பலும் பயணியும் மூட்டை கொண்டுவந்தாலும், அதில் பூக்காத பகுதி மோன்டாஞ் வீட்டுக்குப் போய்விடும். ராமோன் தெ லா சாக்ரா எழுதிய கியூபா நூலுக்கு இவர்தான் கிரிப்டோகேம் பகுதி எழுதினார். வெப், பெர்த்தலோ இருவரின் கேனரித் தீவுகள் நூலுக்கும், குளோத் கே வெளியிட்ட சிலி நாட்டு நூலுக்கும், தூமோன் தூர்வில் தென்துருவப் பக்கம் போய்வந்த கப்பல் பயண அறிக்கைக்கும் அப்படியே. லெப்ரியர் பிரெஞ்சு கயானாவில் இருந்து அனுப்பியவற்றுக்கும் இவர்தான். புதியவற்றை நூறு நூறாகக் கட்டி 'சென்ட்யூரி' என்ற தலைப்பில் 1837 முதல் வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

நீலகிரி மூட்டையை அனுப்பியவர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரெஞ்சு அரசுக்காக வேலை பார்த்து, பாண்டிச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு வாழ்நாளைப் பிணைத்துக்கொண்டு 1870-இல் பாண்டிச்சேரியிலேயே இறந்தவர். 1830-களில் நீலகிரியில் ஏறி இறங்கிச் சேகரித்தார். அதில் பூக்காதவற்றை மோன்டாஞ் ஆராய்ந்து 1842-இல் 'கிரிப்டோகேமே நீல்கெரியென்ஸஸ்' என்று லத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். நீலகிரியின் லைக்கன், பூஞ்சை, மாஸ் மூன்றையும் பற்றிய மிகப் பழைய அறிவியல் பட்டியல்களில் அது ஒன்று. அதில் பெயர் பெற்ற பூஞ்சைகளில் ஒன்று 'பாலிபோரஸ் நீல்கெரியென்சிஸ்'. அடிமரத்தில் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு, கத்தி வைத்தாலும் இறங்காத அளவுக்கு இறுகி வளர்கிற பழுப்பு நிற மரப்பூஞ்சை வகை. இன்றைய வகைப்பாட்டில் 'ஃபல்விஃபோமஸ் நீல்கெரியென்சிஸ்'. பெயரின் முன்பாதியான பேரினப் பெயர்தான் மாறியது. நீலகிரி அப்படியே இருக்கிறது, மோன்ட். அடைப்புக்குறிக்குள் போய்விட்டார்.

இங்கே அடைப்புக்குறிக் கணக்கையும் முடித்துவிடலாம், நீங்கள் கேட்டதே அதுதானே. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவரின் சுருக்கம் பெயருக்குப் பின்னால் வரும். பின்னால் இன்னொருவர் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினால், முதல்வர் அடைப்புக்குறிக்குள் போவார், மாற்றியவர் வெளியே நிற்பார். மோன்டாஞ் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார். 'லெப்டோஜியம் அசூரியம் (ஸ்வார்ட்ஸ்) மோன்ட்.' என்ற லைக்கனில், முதலில் பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் ஸ்வார்ட்ஸ். இன்றைய பேரினத்துக்குக் கொண்டுவந்தவர் மோன்டாஞ். உருளைக்கிழங்கில் அவரே உள்ளே, டி பாரி வெளியே.

பெரோத்தே மூட்டையைப் பற்றி இன்னொரு வார்த்தை. சோலைக் காட்டில் மழை பெய்த மறுநாள் முளைக்கும் மென்மையான குடைக்காளான்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து, மாட்டு வண்டியில் இறக்கி, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுபோனால் பாரிசில் பிரிக்கும்போது கறுத்த தூள்தான் இருக்கும். மரப்பூஞ்சையும் லைக்கனும் அப்படி இல்லை. காய்ந்தாலும் உருவம் கெடாது. லைக்கனில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி விரிந்துகூடக் கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் வெப்பமண்டலப் பட்டியல்களில் மரப்பூஞ்சையும் லைக்கனும் குவிந்து, மென்காளான்கள் குறைந்து கிடப்பதற்குக் காட்டில் எது அதிகம் என்பது மட்டும் காரணம் இல்லை. வழியில் அழுகாமல் போய்ச் சேர்ந்தது எது என்பதும்தான். பழைய பட்டியலை வைத்து "அன்றைய நீலகிரியில் இவ்வளவுதான் இருந்தது" என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, உருளைக்கிழங்கு. 1845 கோடையில் பெல்ஜியத்தில் தொடங்கி, ஹாலந்து, வட பிரான்ஸ், இங்கிலாந்து என்று உருளை வயல்கள் வாரக்கணக்கில் கறுத்துச் சாய்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி பாரிசின் ஃபிலோமாத்திக் என்ற அறிவியல் சங்கத்தில் மோன்டாஞ் அந்த நோயிலைகளில் கண்ட பூஞ்சையை விவரித்து 'போட்ரைட்டிஸ் இன்ஃபெஸ்டன்ஸ்' என்று பெயர் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 13 அன்று, லண்டனில் ஜான் லிண்ட்லி நடத்திய தோட்டக்கலை இதழ், அச்சை நிறுத்தி வைத்து, அயர்லாந்துக்கும் நோய் வந்துவிட்டது என்ற செய்தியைச் சேர்த்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கு மேலும் ஆட்கள் நாட்டை விட்டே போனார்கள்.

மோன்டாஞ் என்ன பார்த்தார்? இதை நீங்களே பார்க்கலாம். ஊட்டிப் பக்கம் பனியும் தூறலுமாக இரண்டு மூன்று நாள் இருந்த பிறகு, காலை ஈரம் உலர்வதற்குள் வயலில் இறங்குங்கள். நுனியில் நீர் கோத்தது மாதிரிப் பழுப்புத் திட்டு விழுந்த இலை ஒன்றைப் பிடித்துத் திருப்புங்கள். திட்டின் நடுவில் ஒன்றும் இருக்காது, அது செத்த இடம். திட்டும் பச்சையும் சேரும் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக மெல்லிய பஞ்சு படர்ந்திருக்கும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். கை உருப்பெருக்கியில் அந்தப் பஞ்சு தனித்தனி இழைகளாகப் பிரியும். நுண்ணோக்கியில் வைத்தால், இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக இழைகள் வெளியே வந்து, கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் எலுமிச்சை வடிவில் ஒரு பையைத் தாங்கி நிற்பது தெரியும். மோன்டாஞ் விவரித்தது இந்த இழைகளையும் இந்தப் பைகளையும்தான்.

அந்த ஆகஸ்டில் அவர் தனியாகவும் இல்லை. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மால்மெடி ஊரில் மரி-ஆன் லிபேர் என்ற பெண்மணி அதே பூஞ்சையைக் கண்டு, வேறொரு பெயர் கொடுத்து எழுதினார். லியேஜ் பேராசிரியர் ஷார்ல் மோரென், நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். பெயர்ப் போட்டியில் நின்றது மோன்டாஞ் வைத்தது. லிபேர் பூஞ்சையியலில் சாதாரண ஆள் இல்லை. அவர் பெயர் பாடப்புத்தகத்தில் வராமல் போனது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இணையத்தில் பல இடங்களில் "பஞ்சத்துக்குக் காரணமான பூஞ்சையை நிரூபித்தவர் மோன்டாஞ்" என்று எழுதியிருப்பார்கள். அது தவறு. அவர் வைத்தது பெயரும் விவரணையும். "பூஞ்சை வந்ததால் செடி செத்ததா, செடி அழுகியதால் பூஞ்சை வந்ததா" என்ற சண்டை இங்கிலாந்தில் நடந்தது. லிண்ட்லி, குளிர்ந்த மழைக்காலத்தில் செடி தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் அழுகியது, பூஞ்சை பின்னால் வந்தது என்றார். நார்தாம்ப்டன்ஷயரில் பாதிரியாராக இருந்துகொண்டு பூஞ்சைகளை ஆராய்ந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, பூஞ்சைதான் காரணம் என்று நின்றார். பெர்க்லிக்கும் மோன்டாஞுக்கும் கடிதத் தொடர்பு உண்டு. பெர்க்லி 1846-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் மோன்டாஞ் கொடுத்த பெயரையே வைத்துக்கொண்டார். அழுகிய கிழங்கின் திசுவுக்குள் கண்ட முள்முள்ளான உருண்டைகளுக்கு மோன்டாஞ் வைத்த 'ஆர்ட்டோட்ரோகஸ் ஹைட்னோஸ்போரஸ்' என்ற பெயரும் அந்தக் கட்டுரையில் வந்தது. அந்த உருண்டைகள் கருகல் நோயின் உறங்குநிலை வித்துகள்தானா என்று பின்னால் பெரிய வாதமே நடந்தது. இன்றைய கணக்கில் அவை வேறு, 'பித்தியம்' பேரினத்தைச் சேர்ந்தவை.

நிரூபணம் வந்தது 1861-இல். ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி, நல்ல செடியில் இந்த வித்துப்பைகளைத் தூவினால் நோய் வருகிறது, தூவாத செடி நன்றாக இருக்கிறது என்று சோதனை செய்து காட்டினார். 1876-இல் இதற்கென்றே 'ஃபைட்டோஃப்தோரா' என்று புதுப் பேரினம் உருவாக்கி, மோன்டாஞ் வைத்த 'இன்ஃபெஸ்டன்ஸ்' என்ற பிற்பாதியை விடாமல் அதோடு சேர்த்தார். உங்கள் பாடப்புத்தக வரி அங்கே பிறந்ததுதான்.

அடுத்த திருப்பம் 20-ஆம் நூற்றாண்டில். எலுமிச்சை வடிவப் பை குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உடைந்து, உள்ளிருந்து இரண்டு வால் கொண்ட நுண்ணுயிர்கள் நீந்தி வரும். உண்மையான பூஞ்சையில் செல்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, இதில் செல்லுலோஸால். மரபணுவும் இதையே சொன்னது. பழுப்புக் கடற்பாசிகளுக்கும் டையாட்டம் என்ற நுண்பாசிகளுக்கும்தான் இது சொந்தம். காளானுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'ஊமைசீட்' என்று தனிக் கூட்டமாகப் பிரித்துவிட்டார்கள். இது வெறும் ஏட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீரால் என்ற பொருளின் தயாரிப்பைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் அசோல் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது, ஏனென்றால் இது எர்கோஸ்டீரால் தயாரிப்பதே இல்லை. மெட்டலாக்சில் போன்றவை வேலை செய்யும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பூஞ்சை, ஊமைசீட் இரண்டையும் தடுக்கும். ஆனால் நோய் வருமுன் அடித்தால்தான். "பூஞ்சை மருந்துதானே" என்று கடையில் கொடுத்ததை வாங்கி அடித்து ஏமாந்த விவசாயிகள் நீலகிரியிலும் உண்டு. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1870–80 வாக்கில் நீலகிரியில்தான். ஆக, பெரோத்தே சேகரித்த மலைக்கே, மோன்டாஞ் பெயரிட்ட இன்னொன்று பின்னால் வந்து சேர்ந்தது.

2013-இல் ஓர் ஆய்வுக் குழு, 19-ஆம் நூற்றாண்டில் காகிதத்தில் ஒட்டிவைத்த நோயுற்ற உருளை இலைகளில் இருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தது. பஞ்சத்தை உண்டாக்கியது தனி ஒரு கால்வழி என்று தெரிந்து அதற்கு 'ஹெர்ப்-1' என்று பெயர் வைத்தார்கள். டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில் மடித்து வைத்த இலைகள் அவை. மாதிரியைப் பத்திரப்படுத்தியது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அடுத்து உங்கள் வீட்டு மாமரம். மா, கொய்யா, எலுமிச்சை இலைகளில் அடுப்புக்கரி பூசினது போலக் கறுப்பாகப் படியுமே, கரும்பூசணம் என்போம். அந்தக் கூட்டத்தின் 'கேப்னோடியம்' என்ற பேரினத்தை 1849-இல் அமைத்தவர் மோன்டாஞ். அவர் முன்மாதிரியாக எடுத்தது வில்லோ மரத்தில் வந்த இனம். கரும்பூசணம் இலைக்குள் நுழைவதில்லை. தத்துப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ இவை சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்புத் திரவம் இலைமேல் சொட்டும், அதில் வளர்கிறது. இலைக்கு நேரும் கெடுதல் வெயில் படாமல் போவதுதான். அதனால்தான் மைதா கஞ்சி தெளித்தால், அது காய்ந்ததும் கறுப்பு செதில் செதிலாக உரிந்து விழுந்துவிடுகிறது. இலை அடியில் பச்சையாகவே இருக்கும். 2016-இல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சித் தென்னைகளில் இறங்கியபோது தோப்பே கறுத்ததற்கும் கேப்னோடியமும் அதன் உறவுகளும்தான் காரணம். பூச்சியை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் கழுவினால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

அதே வெள்ளை ஈக்கு எமனாக இன்னொன்றுக்கும் இவரே பெயர் வைத்திருக்கிறார். 1848-இல் டஹிட்டித் தீவு மாதிரியை வைத்து 'ஆஷர்சோனியா' என்ற பேரினத்தை அமைத்தார். இலையின் அடியில் சின்னச் சின்ன மேடுகளாக, சில இனங்களில் ஆரஞ்சும் சிவப்புமாக, குங்குமப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். உலர்ந்த இலையில் பார்த்தால் இலைப் பூஞ்சை என்றுதான் தோன்றும். ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு வெள்ளை ஈயின் இளம்பருவமோ செதில் பூச்சியோ செத்துக் கிடக்கிறது என்பது அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களில் விளங்கியது. பிறகு அங்கே தோட்டக்காரர்கள் இந்தப் பூஞ்சை பிடித்த இலைகளைத் தண்ணீரில் கரைத்து மரங்களுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். செதில் பூச்சிகளை மூடி வளரும் 'மிரியாஞ்சியம்' பேரினமும் மோன்டாஞ், பெர்க்லி இருவரும் 1845-இல் சேர்ந்து வைத்ததே. உருளைக்கிழங்கு கறுத்த அதே ஆண்டு.

பூச்சியைப் பூஞ்சை கொல்லும் என்ற செய்தி அவருக்குப் புதிதும் இல்லை. பட்டுப்புழுவுக்கு வரும் மஸ்கார்டின் நோயில் புழு விறைத்துச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்துவிடும். அது தொற்றுகிற பூஞ்சைதான் என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835-இல் நிரூபித்தார். விலங்குக்கு வரும் ஒரு நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்ற முதல் நிரூபணம் அது. மறு ஆண்டே மோன்டாஞ் அந்தப் பூஞ்சையைத் தாவரவியல் கண்ணோடு ஆராய்ந்து அகாதமிக்குக் கட்டுரை கொடுத்தார். பெயர் வைத்தவர் இவர் அல்ல. பாஸியின் பெயரைத் தாங்கிய அந்தப் பூஞ்சைதான் உரக்கடையில் பொடியாகவும் திரவமாகவும் விற்கும் 'பெவேரியா பாசியானா'. புழுவைப் பூஞ்சை கொல்லும் என்று 1836-லேயே ஏற்றுக்கொண்ட அறிவுலகம், செடியைப் பூஞ்சை கொல்லும் என்று ஏற்க 1861 வரை இழுத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இனி லைக்கன். மோன்டாஞ் வாழ்ந்த காலத்தில் லைக்கன் என்பது தனித் தாவரம், பாசிக்கும் பூஞ்சைக்கும் நடுவில் ஒன்று. அவர் இறந்த மறு ஆண்டு, 1867-இல், சுவிட்சர்லாந்தின் சைமன் ஸ்வெண்டனர், லைக்கன் ஒரே உயிர் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் குடித்தனம் என்று அறிவித்தார். அந்நாளைய பெரிய லைக்கன் நிபுணர்கள் கொதித்துப்போனார்கள். பாரிசில் வாழ்ந்த ஃபின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர் 1899-இல் சாகும்வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. முடிவில் ஸ்வெண்டனர்தான் வென்றார். இன்றைய பெயரிடல் விதிப்படி, லைக்கனுக்கு வைத்த பெயர் அதில் இருக்கும் பூஞ்சைக்கே உரியது. பாசிக்குத் தனிப் பெயர். ஆக, மோன்டாஞ் லைக்கன் என்று நினைத்துப் பெயரிட்டதெல்லாம், அவர் போன பிறகு, பூஞ்சைப் பெயர்களாக எழுதப்பட்டன.

முன்னே சொன்ன லெப்டோஜியம் அசூரியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பமண்டல ஈரக்காடுகளில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், பாசி படர்ந்த அடிமரத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் மெல்லிய இதழ்களாக இருக்கும். காய்ந்தால் காகிதம், மழை பட்டால் கூழ் மாதிரி ஊதி வழவழக்கும். அந்த நீலச் சாயலும் ஊதலும் உள்ளே குடியிருக்கும் நாஸ்டாக் என்ற நீலப்பச்சை நுண்ணுயிரால் வருவது. பெயரோ பூஞ்சைக்கு. சிலிக் கடற்கரையின் மூடுபனிப் பகுதியில் வளரும் 'ராமலினா இனானிஸ்', அதே நாட்டு ஈரக்காட்டின் 'எரியோடெர்மா சிலென்சே' ஆகியவையும் அவர் பெயரிட்ட லைக்கன்கள்தான். முதலாவது இப்போது வேறு பேரினத்தில் இருக்கிறது.

செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசிக்கு இவர் பெயர் வைத்தாரா என்று அடுத்துக் கேட்பீர்கள். இல்லை. கடையில் கல்பாசி என்று விற்பது பல லைக்கன்களின் கலவை. அவற்றில் வரும் பார்மோட்ரீமா பேரினத்தில் நீலகிரியின் பெயரைத் தாங்கிய 'பார்மோட்ரீமா நீல்கெரென்சே'வுக்கு முதலில் பெயர் வைத்தவர் நைலாண்டர், 1869-இல். மோன்டாஞ் பட்டியலோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. பெயரில் நீலகிரி இருப்பதால் வரும் குழப்பம், அவ்வளவுதான்.

மோன்டாஞ் பெயரைத் தாங்கி நிற்கும் லைக்கன் ஒன்று மலையில் இல்லை, நம் கடற்கரையில் இருக்கிறது. 'ரோசெல்லா மோன்டாஞி'. பெயர் வைத்தவர் ஷார்ல் பெலாஞ்சே. பாண்டிச்சேரித் தாவரவியல் தோட்டத்தை அமைக்க 1820-களில் பிரான்சில் இருந்து அனுப்பப்பட்டவர். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வீசும் பக்கத்தில், பனை, தென்னை, மாமரத் தண்டுகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், தோல்போல வளையும் தட்டை நாடாக்கள் கொத்துக் கொத்தாகக் கிளைத்துத் தொங்கும். விரலால் தேய்த்தால் ஓரங்களில் இருந்து மாவு உதிரும். அந்த மாவின் ஒவ்வொரு துணுக்கிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே இருக்கின்றன; காற்றில் பறந்து அடுத்த மரத்தில் ஒட்டி அப்படியே வளர்ந்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று பார்க்கும் லிட்மஸ் தாளின் சாயம் ரோசெல்லா இன லைக்கன்களில் இருந்து எடுத்து வந்ததுதான். அம்மோனியா கலந்து ஊறவைத்து ஊதா நிறச் சாயமும் எடுத்தார்கள், செயற்கைச் சாயம் வந்து அந்த வியாபாரத்தைக் கொல்லும்வரை.

இன்னொரு மரியாதை ஸ்வீடனில் இருந்து வந்தது. பூஞ்சை வகைப்பாட்டின் தலைமகன் எலியாஸ் ஃப்ரீஸ் 1836-இல் ஒரு மணற்காட்டுக் காளான் பேரினத்துக்கு 'மோன்டாஞியா' என்று பெயர் வைத்தார். வறண்ட மணலில் நீண்ட காம்போடு நிற்கும், தலையில் கறுத்த செதில்கள் தொங்கும் விநோதக் காளான். மோன்டாஞும் தன் பங்குக்கு 1843-இல் அதே வகை வறள்மணல் காளான் ஒன்றுக்கு 'ஜைரோஃப்ராக்மியம் டெலிலெய்' என்று பெயர் வைத்தார். அந்த டெலில், நெப்போலியனின் எகிப்துப் பயணத்தில் தாவரவியலாளராகப் போனவர். கப்பலில் இருந்த பதினான்கு வயதுப் பையன், 45 ஆண்டு கழித்து, அதே படையெடுப்பில் போன அறிஞரின் பெயரை ஒரு காளானுக்கு வைத்திருக்கிறான். அந்தக் காளானையும் மரபணு பார்த்து அகாரிக்கஸ் பேரினத்துக்குள், அதாவது கடையில் டப்பாவில் வரும் பட்டன் காளானின் குடும்பத்துக்குள், மாற்றிவிட்டார்கள்.

மோன்டாஞின் உலர் மாதிரிகள் பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீலகிரி மரப்பூஞ்சைகளில் வேலை செய்ய நினைக்கும் மாணவர்கள் முதலில் 1842 கட்டுரையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சு அறிவியல் இதழ்கள் பெரும்பாலும் மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. லத்தீன் மிரட்டும், ஆனால் அமைப்பு ஒரே மாதிரி வருவதால் ஒரு வாரத்தில் பழகிவிடும். இனப் பெயர்களை மட்டும் அப்படியே எடுத்து ஆய்வேட்டில் போடாதீர்கள். ஒவ்வொன்றும் இன்று எந்தப் பேரினத்தில் இருக்கிறது என்று பெயர்த் தரவுத்தளத்தில் சரிபார்த்து, அடைப்புக்குறியில் மோன்ட். வருகிறாரா வெளியில் வருகிறாரா என்று பார்த்து எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.